வலியிலும் ஆண் பெண் பேதமா?

நமது நாட்டில் சொத்தில் பேதம், படிப்பில் பேதம், கல்யாணத்தில் பேதம், புருஷன் செத்துப் போனாலும் பெண்சாதி செத்துப் போனாலும் அதிலும் பேதம் என்று ஆணுக்கு ஒரு நீதியும் பெண்ணுக்கு ஒரு நீதியும் இருந்து வருவது யாவரும் அறிந்த சங்கதியே. ஆனால் உடம்பில் உண்டாகின்ற வலியில்கூட இந்தப் பேதம் புகுந்திருக்கின்றது என்று சொன்னால் நம் தோழர்களில் சிலரே நம்மைப் பார்த்துச் சிரிக்கக் கூடும். "தேள் கொட்டினால் ஆணுக்கும் கடுக்கின்றது, பெண்ணுக்கும் கடுக்கின்றது, இதில் என்ன ஐயா பேதம்?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். தேள் பேதம் பார்ப்பதில்லை என்பது வாஸ்தவமானாலும், கொட்டுப்பட்டவர் "ஐயோ" என்று சொன்ன பிறகு அதைக் காதில் வாங்குகின்ற மனிதன் பேதம் பார்க்கின்றானா இல்லையா என்பதுதான் நாம் கேட்கும் கேள்வி. எச்.ஐ.வி. கிருமியோடு வாழ்கின்ற ஆண் பெண்களின் தீராத வலியைக் கொண்டு இதை விசாரிப்போம்.

எச்.ஐ.வி. என்றால் உடனே சாவு என்று எண்ணுகின்றவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அது பழைய கதை. 2004-ம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி முதல் சர்க்கார் இனாமாகக் கொடுக்கத் தொடங்கிய ஏ.ஆர்.டி. மாத்திரைகளைத் தவறாமல் சாப்பிட்டு வருகிறவர்கள் மற்றவர்களைப் போலவே நெடுங்காலம் வாழலாம். ரத்தத்தில் கிருமி அகப்படாத அளவுக்கு அடங்கி நிற்கின்றவர்களிடமிருந்து உடலுறவின் மூலம் பிறருக்குத் தொற்றுவதும் கிடையாது. இந்தியாவில் இப்படிக் கிருமியோடு வாழ்கிறவர்கள் ஏறக்குறைய 25 லட்சம் பேர். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவான பேர் பெண்கள்.

ஆனால் சாகாமல் இருப்பது வேறு, சுகமாக இருப்பது வேறு. 3 மாதத்துக்கு மேல் விடாமல் இருக்கின்ற வலியைத் தீராத வலி என்று வைத்தியர்கள் சொல்லுகிறார்கள். அதையே தனியாக ஒரு நோய் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் நோய்ப் பட்டியலில் இப்போது சேர்த்தாகிவிட்டது. எச்.ஐ.வி. உள்ளவர்களின் வலியைப் பற்றிப் பல தேசங்களில் நடந்த ஆராய்ச்சிகளை 2014-ல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்ததில், அந்தந்த இடத்தில் விசாரிக்கப்பட்டவர்களில் 100-க்கு 54 முதல் 83 பேர் வரையில் வலி உண்டு என்றே சொல்லி இருக்கிறார்கள். அதாவது ஏ.ஆர்.டி. மையத்தின் பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தால், ஒருவராவது வலியோடுதான் உட்கார்ந்திருக்கிறார் என்று கொள்ளலாம். அங்கே எடை பார்க்கிறார்கள், ரத்தம் எடுக்கிறார்கள், சி.டி.4 எத்தனை, கிருமி எத்தனை என்று எண்ணி எழுதுகிறார்கள். வேண்டியதுதான். ஆனால் வலி எத்தனை என்று எழுதுவதற்கு ஒரு கட்டம் இருக்கின்றதா? எழுதாத கணக்குக்குச் செலவும் எழுதமாட்டார்கள் என்பது கடைக்காரனுக்குக்கூடத் தெரியும்.

செங்கல்பட்டு ஜில்லாக்காரர்களுக்கு இந்த நரம்பு சமாசாரம் புதிதல்ல. செங்கல்பட்டை ஒட்டிய திருமணியில் 1955 முதல் மத்திய சர்க்காரின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் இருந்து வருகின்றது. தொழுநோயில் கிருமி நரம்பைக் கெடுத்து உணர்ச்சியையே கொன்று விடுகின்றது. அடுப்பில் கை பட்டாலும் தெரியாது, காலில் ஆணி ஏறினாலும் தெரியாது. அதனால் புண்ணாகி விரல்கள் அழிகின்றன. எச்.ஐ.வி.யிலோ பல பேருக்கு இதற்கு எதிரிடையாக நடக்கின்றது. கெட்டுப் போன நரம்பு சும்மா இருப்பதில்லை. உடம்பில் மிக நீளமான நரம்பு பாதத்துக்குப் போகின்ற நரம்பாகையால் முதலில் அதுதான் பழுதாகின்றது. இரண்டு பாதத்திலும் நெருப்பை மிதித்தது போல் எரிச்சல், ஊசி குத்தல், போர்வை பட்டால்கூடத் தாங்காத கூச்சம். வெளியே பார்த்தால் புண்ணும் இல்லை, வீக்கமும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத வலியை யார் நம்புவார்கள்?

இதற்குக் காரணங்கள் பல. கிருமியே நரம்பைக் கெடுக்கின்றது. ஆரம்ப காலத்தில் கொடுத்த ஸ்டாவுடின் என்னும் மாத்திரை உயிரைக் காப்பாற்றியது வாஸ்தவம். ஆனால் நரம்பையும் கெடுத்தது. அதை நிறுத்தி விடும்படி உலக சுகாதார ஸ்தாபனம் 2009-ல் சொல்லிற்று. பிறகு நம் நாட்டிலும் நிறுத்தினார்கள். நிறுத்தினாலும் அன்றைக்குக் கெட்ட நரம்பு எல்லோருக்கும் திரும்பி வந்துவிடவில்லை. காசநோய்க்குக் கொடுக்கின்ற ஐசோனியசிட் மாத்திரையும் பைரிடாக்சின் என்கின்ற பி6 சத்து கூடச் சேராவிட்டால் நரம்பைக் கெடுக்கும். சர்க்கரை வியாதியும் கெடுக்கும். சாராயமும் கெடுக்கும். "கால் வலிக்கு மருந்து" என்று மாலையில் மதுக்கடைக்குப் போகின்றானே, அவன் வலியை மறக்கிறதற்காகச் சாப்பிடுகின்ற அதுவே மறுநாள் வலிக்கு விதை போடுகின்றது என்பதை அவனுக்கு யாராவது சொன்னதுண்டா?

இனி, ஆண் பெண் விஷயத்துக்கு வருவோம். இதில் நாம் ஒரு பக்கமாகப் பேசப் போவதில்லை. எச்.ஐ.வி. உள்ளவர்களிடத்தில் நடந்த ஆராய்ச்சிகளில் சிலவற்றில் பெண்களுக்கு வலி ஜாஸ்தி என்று கண்டிருக்கிறார்கள். சிலவற்றில் வித்தியாசமே இல்லை என்று கண்டிருக்கிறார்கள். ஸ்டாவுடின் மாத்திரையால் வந்த நரம்புக் கோளாறில் வயது ஏறியவர்களுக்கும் உயரமானவர்களுக்கும் ஆபத்து அதிகம் என்று தெரிய வந்தது. நரம்பு நீளமாக இருந்தால் கேடும் ஜாஸ்தி, அவ்வளவுதான். அதே மாத்திரையால் ரத்தத்தில் அமிலம் ஏறுகின்ற வேறொரு ஆபத்து பெண்களுக்குத்தான் அதிகமாக வந்தது என்று தென் ஆப்பிரிக்காவில் கண்டார்கள். ஆகவே "பெண் பலவீனமானவள், தொட்டதற்கெல்லாம் அழுவாள்" என்று சொல்லுகிறவர்களுக்கும் இதில் ஆதாரமில்லை. "பெண்ணைத் தாங்குவதற்கென்றே படைத்திருக்கிறது, அவளுக்கு வலி உறைக்காது" என்று சொல்லுகிறவர்களுக்கும் ஆதாரமில்லை. வேடிக்கை என்னவென்றால், இந்த இரண்டையும் ஒரே வாய்தான் சொல்லுகின்றது. சௌகரியத்துக்குத் தக்கபடி மாற்றிச் சொல்லுகின்றது.

உடம்பின் அமைப்பில் வித்தியாசமே கிடையாதா என்றால், உண்டு போலவே தெரிகின்றது. ஆனால் அதைக் கண்டுபிடிக்க விஞ்ஞானிகளுக்கே இவ்வளவு காலம் பிடித்ததன் காரணம் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். வலியைப் பற்றி எலிகளைக் கொண்டு ஆராய்ச்சி செய்தவர்கள் பெரும்பாலும் ஆண் எலியை மாத்திரமே வைத்துக் கொண்டிருந்தார்கள்! வலி ஆராய்ச்சிக்கென்றே நடக்கின்ற பிரபல பத்திரிகை ஒன்றில் 10 வருஷ காலத்தில் வந்த எலி ஆராய்ச்சிகளை 2005-ல் இரண்டு விஞ்ஞானிகள் எண்ணிப் பார்த்ததில், 100-க்கு 79 ஆண் எலிகளிலேயே செய்யப்பட்டவை என்று கண்டார்கள். பெண் எலிக்கு ஹார்மோன் மாறுதல் உண்டாம், கணக்குக் குழம்பிவிடுமாம். உலகத்தில் தீராத வலியால் அவதிப்படுகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். மருந்தைப் பரீட்சிப்பதோ ஆண் எலியிடத்தில்! பிறகு 2015-ல் கனடா தேசத்து விஞ்ஞானிகள் சுண்டெலிகளில் சோதித்தபோது, நரம்பு வலியை நீடிக்கச் செய்வதில் ஆண் எலியின் முதுகுத் தண்டில் மைக்ரோகிளியா என்கின்ற அணுக்கள் வேலை செய்கின்றன என்றும், பெண் எலியில் அது இல்லாமலே டி-அணுக்களின் வழியாக அதே வலி உண்டாகின்றது போலும் என்றும் தெரிய வந்தது. எச்.ஐ.வி. கிருமி தாக்குவது இந்த டி-அணு இனத்தில் ஒரு வகையைத்தான் என்பதைக் கவனியுங்கள். எலியில் கண்டது மனிதருக்கு அப்படியே பொருந்தும் என்று நாம் சாதிக்க வரவில்லை. ஆணைச் சோதித்துவிட்டுப் பெண்ணுக்கும் அதுவே என்று முடிவு கட்டுவது விஞ்ஞானமாகாது என்பதே நம் அபிப்பிராயம்.

உடம்பின் வித்தியாசம் இப்படி இன்னும் விசாரணையில் இருக்க, சிகிச்சையில் உள்ள வித்தியாசமோ கண்ணுக்கு நேராகவே இருக்கின்றது. 1996-ல் நியூயார்க் நகரத்து எய்ட்ஸ் நோயாளிகளின் வலியைப் பற்றி டாக்டர் பிரைட்பார்ட் என்பவரும் அவரது சகாக்களும் ஆராய்ந்து வெளியிட்டார்கள். வலியுள்ளவர்களில் 100-க்கு ஏறக்குறைய 85 பேருக்கு வலிக்குத் தக்க மருந்து கொடுக்கப்படவில்லை. அந்த அநியாயத்துக்கு ஆளானவர்களிலும் முந்தி நின்றவர்கள் யார் என்று பார்த்தால், பெண்கள், படிப்புக் குறைந்தவர்கள், போதை ஊசி போட்டுக் கொண்டதால் நோய் வந்தவர்கள். அமெரிக்காவில் 1993 ஜனவரிக்கு முன், எய்ட்ஸ் என்று கணக்கெடுப்பதற்கு வைத்திருந்த நோய்ப் பட்டியலில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் சேரவே இல்லை. ஆண்களுக்கு வருகின்ற நோய்களை வைத்துப் பட்டியல் போட்டதால் பெண்கள் கணக்கிலேயே வராமல் இருந்தார்கள். கோடீஸ்வர தேசத்தில், கலாசாலைகள் நிறைந்த நகரத்தில் இந்தக் கதி என்றால், நம்மூர் யோக்கியதையைக் கேட்க வேண்டுமா?

நம்மூரில் இதற்கு வைத்திருக்கும் பெயரையே பாருங்கள். உடலுறவால் வருகின்ற நோய்க்கெல்லாம் நம் ஜனங்கள் "பொம்பளை சீக்கு" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கொண்டு வந்தவன் ஆண். பெயரில் நிற்பவள் பெண். 1986-ல் இந்தியாவிலேயே முதன்முதலாகச் சென்னையில் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமோனும் அவரது மாணவி செல்லப்பன் நிர்மலாவும் செய்த அருமையான காரியம் அது. ஒரு பெண்பிள்ளை ரத்தக் குப்பிகளை ஐஸ் பெட்டியில் வைத்து வேலூருக்குக் கொண்டு போய்ச் சோதித்தாள். கிருமி இருந்த அந்த ரத்தம் விபசாரக் குற்றம் சாட்டி விடுதியில் அடைக்கப்பட்டிருந்த பெண்களுடையது. உடனே ஊரார் "பார்த்தீர்களா, இது கெட்ட பெண்களின் வியாதி" என்று தீர்ப்புக் கூறி விட்டார்கள். அந்தப் பெண்களுக்கு அதைக் கொடுத்தவன் யார் என்று எவரும் கேட்கவில்லை. பிறகு சென்னையில் சிகிச்சைக்கு வந்த 134 எச்.ஐ.வி. பெண்களை விசாரித்து 2000-ல் வெளியான ஆராய்ச்சியில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேர் வாழ்நாளில் ஒரே ஆணை மாத்திரம் அறிந்தவர்கள் என்று தெரிந்தது. பெரும்பாலோர் வீட்டுக் காரியம் பார்க்கின்ற பெண்கள். அதாவது பதிவிரதா தர்மத்தை அட்சரம் பிசகாமல் நடத்தினவர்களுக்கே அதன் பலன் இப்படிக் கிடைத்தது!

இப்படிப்பட்ட பெண் ஒருத்தி பாதம் எரிகின்றது என்று சொன்னால் வீட்டில் என்ன பதில் கிடைக்கும் என்பதை நீங்களே ஊகித்துக் கொள்ளலாம். புருஷன் உயிரோடிருந்தால் முதலில் அவனுக்குப் பணிவிடை. அவன் காலுக்குத் தைலம் தேய்க்கின்ற கையும் அவளுடையதே. செத்துப் போயிருந்தால் "பிள்ளையை முழுங்கினவளுக்கு வலி வேறா?" என்று மாமியார் கேட்பாள். அவளும் ஒரு பெண்தான். அவளுக்கும் முழங்கால் வலி இருக்கும். அதை அவளும் யாரிடத்திலும் சொல்லியிருக்கமாட்டாள். பெண் என்றால் பூமாதேவி, பொறுமை அவளுக்கு ஆபரணம் என்று படித்தவர்கள் பிரசங்கம் செய்வார்கள். முன் ஜன்மத்துக் கர்மம் என்று புரோகிதன் சொல்லுவான். திருக்கழுக்குன்றத்து மலைப்படி ஏறினால் கால் வலி போகும் என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்லுவாள். எரிகின்ற பாதத்தோடு அத்தனை படிகளை ஏறச் சொல்லுகின்ற வைத்தியம் உலகத்தில் வேறெங்காவது உண்டா?

வலியைப் பொறுப்பது பெரிய தவம் என்று சொல்லுகிறவர்கள் மாமல்லபுரத்துப் பெரும் பாறையைக் காட்டுவார்கள். ஒற்றைக் காலில் நின்று கையை மேலே தூக்கி விலா எலும்பு தெரியத் தவம் செய்கின்ற ஒருவனை அங்கே செதுக்கி வைத்திருக்கிறது. அர்ச்சுனன் என்கிறார்கள் சிலர். பகீரதன் என்கிறார்கள் சிலர். யாராயிருந்தாலும் அவன் தானே விரும்பி நின்றவன். நின்றதற்கு வரமும் கிடைத்ததாகக் கதை. அதே கடற்கரையில் மீன் கூடையைத் தலையில் வைத்துக் கொண்டு சுடுமணலில் நடக்கின்ற ஒருத்திக்குப் பாதத்தில் நரம்பு எரிகின்றதென்று வைத்துக் கொள்ளுங்கள். அவள் விரும்பி நிற்கவில்லை, வரமும் கிடையாது, நின்றால் மீன் அழுகிவிடும். அந்தப் பாறையிலேயே கீழே ஒரு பூனையும் பின்னங்கால்களில் நின்று தவம் செய்கின்றது. அதன் காலடியில் எலிகள் இருக்கின்றன. பெண்களுக்குப் பொறுமையை உபதேசிக்கிறவர்களை நினைக்கும்பொழுதெல்லாம் நமக்கு அந்தப் பூனைதான் ஞாபகத்துக்கு வருகின்றது.

ஆண்களுக்கு மாத்திரம் இதில் லாபம் என்று நினைக்க வேண்டாம். "ஆண்பிள்ளை அழலாமா" என்று சொல்லிச் சொல்லி அவன் வாயையும் அடைத்து வைத்திருக்கிறோம். பெண் சொன்னால் நம்புவதில்லை. ஆண் சொல்லுவதே இல்லை. அவன் சாராயத்தில் போட்டு அமுக்குகின்றான். மாத்திரையை விட்டு விடுகின்றான். டாக்டர் எழுதுகின்ற சீட்டில் இரண்டு பேரும் "தொந்தரவு இல்லை" என்றே பதிவாகிறார்கள்.

வலியைக் கேளாமல் விடுவதால் வருகின்ற நஷ்டம் வலி மாத்திரமல்ல. எச்.ஐ.வி. உள்ள பெண்ணுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வருகின்ற ஆபத்து மற்றப் பெண்களைக் காட்டிலும் 6 மடங்கு. அடிவயிற்று வலி என்று அவள் சொல்லும்போது "அது மாதாமாதம் வருகிறதுதானே" என்று தள்ளிவிட்டால், அது புற்றாயிருந்தாலும், அடிவயிற்றில் தங்கின காசநோயாயிருந்தாலும், கண்டுபிடிக்கின்ற காலம் கடந்து போகும். வெட்கப்பட்டுக் கொண்டு அவள் பாதியைத்தான் சொல்லுவாள். கேட்கிறவன் அந்தப் பாதியிலும் பாதியைத்தான் நம்புவான்.

இதற்கு என்ன செய்வது? 1928-ல் டாக்டர் சௌரிமுத்து காசநோய்க்காக ஆரம்பித்த தாம்பரம் சானடோரியம் இந்த ஜில்லாவில்தான் இருக்கின்றது. 1990-களில் எச்.ஐ.வி. நோயாளிகளை மற்ற ஆஸ்பத்திரிகள் தொடக்கூடப் பயந்து விரட்டிய காலத்தில் அவர்களைப் படுக்கையில் சேர்த்துக் கொண்ட இடம் அது. 2004-ல் நாட்டிலேயே முதன்முதலாக இலவச மாத்திரை கொடுத்த 8 இடங்களில் ஒன்று. செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலும் ஏ.ஆர்.டி. மையம் இருக்கின்றது. இந்த இடங்களில் புதிதாக யந்திரம் எதுவும் வாங்கச் சொல்லவில்லை. அமெரிக்க எச்.ஐ.வி. வைத்தியர் சங்கத்தார் எச்.ஐ.வி. உள்ளவர்களின் தீராத வலிக்கென்று 2017-ல் வெளியிட்ட விதிகளில், ஒவ்வொரு நோயாளியிடமும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும் என்று எழுதி இருக்கிறார்கள். போன வாரத்தில் உடம்பில் வலி எவ்வளவு இருந்தது? 3 மாதத்துக்கு மேலாக இருக்கின்ற வலி ஏதாவது உண்டா? அவ்வளவே. இதற்குக் காகிதமும் பேனாவும் போதும். 2020-ல் உலக வலி ஆராய்ச்சிச் சங்கத்தார் வலி என்பதற்கு இலக்கணத்தைத் திருத்தி எழுதிய போது, வலிக்கின்றது என்று ஒருவர் சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்பதையும் கூடச் சேர்த்தார்கள். இதையும் சங்கம் கூடித்தான் சொல்ல வேண்டியிருக்கின்றது பாருங்கள்.

கேட்ட பிறகு மருந்து உண்டா என்றால் உண்டு. நரம்பு வலிக்குக் காபாபென்டின் மாத்திரையை முதலில் கொடுக்கச் சொல்லுகின்றன அந்த விதிகள். மிளகாய்க்குக் காரம் கொடுக்கின்ற சத்தை எடுத்துப் பூச்சாகவும் பட்டியாகவும் பாதத்தில் போடுகின்ற வைத்தியமும் அதில் இருக்கின்றது. நம் அடுக்களையில் கண்ணை எரிக்கின்ற அந்தச் சத்தே பாதத்தின் எரிச்சலைத் தணிக்கின்றது என்றால் கேட்பதற்கு வினோதமாக இருக்கும். நரம்பை ஓயச் செய்து தணிக்கின்றது. (இதைப் படித்து விட்டு யாரும் மிளகாயை அரைத்துக் காலில் பூசிவிட வேண்டாம், அது டாக்டர் அளந்து போடுகின்ற காரியம்.) தேகப் பயிற்சியும், மனச் சோர்வுக்குச் சிகிச்சையும் வலியைக் குறைக்கின்றன. மார்பின் முதலிய அபினி மருந்துகளை இத்தகைய நீண்ட வலிக்கு முதல் மருந்தாகக் கொடுக்கலாகாது. ஆனால் புற்றுநோயிலும் கடைசி காலத்திலும் தவிக்கின்றவர்களுக்கு அது வேண்டும். 1985-ம் வருஷத்துச் சட்டத்தின் கெடுபிடியால் அது கிடைக்காமலே பலர் துடித்துச் செத்தார்கள். 2014-ல் சட்டம் தளர்த்தப்பட்டது.

இன்னொன்று, வீடு. வீட்டை விட்டு விரட்டப்பட்ட பெண்ணுக்கு மருந்துச் சீட்டு மாத்திரம் போதாது. பெண்களுக்கும் ஆண்களைப் போல் சொத்துரிமை வேண்டும் என்று 1929-ல் இதே செங்கல்பட்டில் கூடின மாகாண மகாநாட்டில் தீர்மானித்தார்கள். இப்பொழுது சட்டமும் பக்கத்தில் நிற்கின்றது. 2017-ல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10 முதல் அமலுக்கு வந்த எச்.ஐ.வி. சட்டத்தின்படி, கிருமி உண்டு என்ற காரணத்துக்காகக் குடியிருக்கின்ற வீட்டை விட்டு ஒருவரை வெளியேற்ற யாருக்கும் அதிகாரம் கிடையாது. எத்தனை மாமனார்களுக்கு இது தெரியும்? 1998-ல் சென்னையில் கௌசல்யா என்னும் அம்மையாரும் அவரைப் போல் கிருமியோடு வாழ்கின்ற வேறு சில பெண்களும் சேர்ந்து பாசிட்டிவ் விமன் நெட்வொர்க் என்று ஒரு சங்கம் கண்டார்கள். அப்படிப்பட்ட பெண்கள் தங்கள் முகத்தையும் பெயரையும் மறைக்காமல் மேடையில் நின்று பேசிய பின்புதான், இந்த வியாதிக்கு வீட்டுப் பெண்களும் ஆளாகிறார்கள் என்பதை இந்த நாடு ஒப்புக் கொண்டது.

நம் தோழர்களில் எச்.ஐ.வி. மையங்களுக்கு உறவுக்காரப் பெண்களைக் கூட்டிக் கொண்டு போகின்றவர்கள் இருப்பீர்கள். உங்களுக்கு ஒரு வார்த்தை. டாக்டர் அவளைப் பார்த்து "என்னம்மா செய்கிறது?" என்று கேட்டால், "ஒன்றும் இல்லைங்க, நல்லாத்தான் இருக்கிறாள்" என்று நீங்கள் முந்திக் கொண்டு பதில் சொல்ல வேண்டாம். கொஞ்ச நேரம் வெளியே போய் வேப்ப மரத்தடியில் நில்லுங்கள். அவள் நிதானமாகச் சொல்லிவிட்டு வரட்டும்.